காலையில் பார்த்துக்கலாம் என்பவர்களுக்கு

"பெரிய உடம்பு. தாங்கும். காலையில பார்த்துக்கலாம் மாப்ள."

எங்கள் பக்கம் நாய் வளர்க்கிற எல்லோரும் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். பலர் சொல்லியும் இருப்பார்கள், நானே சொல்லியிருக்கிறேன். யாரும் கெட்ட மனதோடு சொல்வதில்லை, பதறுகிறவனை அமர்த்தத்தான் சொல்வது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு முழுச் சித்தாந்தமே நிற்கிறது. நாட்டு நாய்க்கு நோய் அண்டாது. உடம்பு பெரிதென்றால் தாங்கும் சக்தியும் பெரிது. வயிறு சரியில்லை என்றால் நாய் தானே புல்லைத் தின்று கக்கிச் சரிசெய்துகொள்ளும். அதையும் மீறிப் போனால் அதன் விதி, வேறு குட்டி எடுத்துக்கொள். இதில் ஏதோ கொஞ்சம் பிசகு இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. பெரிய நாய்கள் விஷயத்தில் இது அடியோடு தலைகீழ் என்கிறேன்.

மருது ராஜபாளையம் நாய். ஏழு வயது, 34 கிலோ. சாத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அன்று ஒரு விசேஷம். கறிச்சோறு வழக்கத்தைவிடத் தாராளமாக விழுந்தது, அவனும் வழக்கம்போல இரண்டு நிமிடத்தில் காலி செய்தான். பத்தரை மணிக்குக் கொல்லையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வாந்தி எதுவும் இல்லை. நூல் நூலாக எச்சில், கொஞ்சம் வெள்ளை நுரை, அவ்வளவுதான். படுப்பான், உடனே எழுவான். சுவரோரம் போய் நிற்பான். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்ப்பான், அங்கே யாரோ நின்று தொடுவதைப் போல. விலாவுக்குப் பின்னால் வயிறு மேளம் மாதிரி விம்மியிருந்தது.

சின்ன மாமனார் தட்டிப் பார்த்துவிட்டு "வாயுதான்" என்றார். சொன்னது தப்பில்லை, வாயுதான். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கடைவாயில் ஊற்றினோம். பாதி கீழே வழிந்தது. ஒரு மணி வாக்கில் ஓங்கரிப்பு நின்று, தலையைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டான். "பார்த்தீங்களா மாப்ள, அடங்கிருச்சு" என்றார் மாமா. எனக்கும் நிம்மதி. போய்த் தூங்கினேன். அந்த அமைதி குணமானதன் அடையாளம் இல்லை, ரத்த ஓட்டம் ஒடுங்கிக்கொண்டிருந்ததன் அடையாளம் என்று எனக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை.

ஐந்து மணிக்கு உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. பக்கத்துத் தெருக்காரரின் குட்டியானையில் போர்வையோடு தூக்கிப் போட்டு மதுரைக்குப் போனோம். எழுபது கிலோமீட்டர். எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" பத்தரை என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. வயிற்றைத் திறந்த பிறகு உதவியாளர் வெளியே வந்து செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். இரைப்பையின் பெரும்பகுதி முற்றிய கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. மயக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் ப்ளோட் என்பார்கள். இரைப்பை முறுக்கிக்கொள்வது. தூளியை இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிடுகிறோம் இல்லையா, நாயின் இரைப்பையும் ஏறத்தாழ அப்படித்தான் தொங்குகிறது. ஒரு முனையில் உணவுக்குழாய், மறுமுனையில் சிறுகுடல். வாயுவால் உப்பிய தூளி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் இரண்டு முனையும் இறுகிவிடும். மேலே ஏப்பமாகவும் போகாது, கீழேயும் இறங்காது. அதனால்தான் அந்த வெறும் ஓங்கரிப்பு. பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண்ணீரலும் சேர்ந்து இழுபடும். உப்பிக்கொண்டே போகும் பை, உடம்பின் பின்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருநாளத்தை நசுக்கும். இதயத்துக்கு வரத்து குறையும், ஈறு வெளுக்கும், இரைப்பைச் சுவர் ரத்தம் இல்லாமல் சாகத் தொடங்கும். எல்லாம் சில மணி நேரத்தில். மருத்துவர்கள் இந்த நாய்களுக்கு முன்னங்காலில்தான் குளுக்கோஸ் ஊசி குத்துவார்கள், பின்னங்காலில் ஏற்றினால் இதயம் வரை போய்ச் சேராது.

இப்போது "பெரிய உடம்பு தாங்கும்" என்பதை எடுத்துக்கொள்வோம். இந்த முறுக்கம் யாருக்கு வருகிறது? பொமரேனியனுக்கு மிக அபூர்வம். பட்டியலில் முதலில் நிற்பது கிரேட் டேன். பின்னால் செயின்ட் பெர்னார்ட், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் எல்லாம் வரும். பெரிய உடம்பு, ஆழமான, ஒடுங்கிய நெஞ்சுக்கூடு. தூளி ஆட இடம் இருக்கிற உடம்பு அதுதான். எந்தப் பெருமையைச் சொல்லி நாம் காத்திருக்கிறோமோ அதுதான் அந்த நாயின் ஆபத்து. ஜான் குரோகனின் 'மார்லி அண்ட் மீ' படித்தவர்களுக்கும், 2008இல் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கும் நினைவிருக்கும், அந்த அடங்காத லாப்ரடாரைக் கடைசியில் கொண்டுபோனது இதே முறுக்கம்தான். படம் பார்த்து அழுதவர்கள் பலர். அந்த நோய் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது, நாட்டு நாய் வாதம். இதற்கு இப்போது புது மவுசு. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். அதன் பிறகு நாட்டு நாய் வளர்ப்பது ஓர் இயக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கும் மகிழ்ச்சிதான், சிப்பிப்பாறை எங்கள் மாவட்டத்து ஊர். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு சேர்த்து "இதுக்கு டாக்டரே வேண்டாம் சார்" என்றும் குட்டி விற்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. சிப்பிப்பாறையையும் கன்னி இன நாயையும் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பாருங்கள். முயல் விரட்ட வார்த்த உடம்பு. நெஞ்சு முழங்கை வரை இறங்கியிருக்கும், வயிறு முதுகெலும்போடு ஒட்டியிருக்கும். மேலே சொன்ன அந்த ஆழமான, ஒடுங்கிய நெஞ்சுக்கூடு இதுதானே? ஊர்ப் பெயர் தமிழ்ப் பெயராக இருப்பதால் இரைப்பை முறுக்காமல் இருக்குமா? ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு வருகிறது என்பது அங்கே குட்டி போடவைக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இருந்தும் நோயே வராத இனம் என்கிறோம்.

"எங்க தாத்தா காலத்துல பத்து நாய் இருந்துச்சு, ஒண்ணுக்கும் ஊசி போட்டதில்ல" என்பார்கள். சரி, அந்தப் பத்தில் எத்தனை கிழடாகிச் செத்தன? செத்த நாயை யார் எண்ணினார்கள்? பிழைத்து நின்றதைப் பார்த்து "தாங்கும்" என்கிறோம், தாங்காதது புளியமரத்தடியில் புதைந்து கிடக்கிறது. இன்னொன்றும் உண்டு. ராத்திரி நன்றாக இருந்த நாய், விடிந்து பார்த்தால் வாயில் நுரையோடு, வயிறு ஊதிச் செத்துக் கிடக்கும். உடனே ஊர் சொல்வது என்ன? "எவனோ மருந்து வச்சுட்டான்." வேலித் தகராறு இருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் மேல் சந்தேகம் போகும். அவன் சோற்றில் விஷம் வைத்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நுரை, ஊதிய வயிறு, ஒரே இரவு என்ற இந்த மூன்றும் முறுக்கிய இரைப்பையின் அடையாளங்களும்தான். இதைத் தெரிந்துகொண்டிருந்தால் சில பங்காளிச் சண்டைகளாவது மிச்சமாகியிருக்கும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது மாட்டை நினைக்கும்போதுதான். இதே ஊரில், இதே மாமா, பசுவுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வார்? பொங்கல் சமயத்தில் பச்சரிசியையும் சோற்றையும் அளவில்லாமல் தின்றுவிட்டு மாடு உப்பி நிற்பதை வருஷா வருஷம் பார்க்கிறோம். யாரும் விடியட்டும் என்று சொல்லிக் கேட்டதில்லை. வாயில் குச்சியைக் குறுக்கே கட்டுவார்கள், மூங்கில் கொட்டத்தில் எண்ணெய் ஊற்றுவார்கள், இன்னொரு ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு மாட்டு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டப் போயிருப்பான். இடது பக்க வயிற்றில் குத்திக் காற்றை இறக்கும் வரை யாருக்கும் தூக்கம் கிடையாது. வயிறு உப்பினால் உயிர் போகும், ராத்திரியே போகும் என்ற அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கறக்கிற மாட்டுக்குப் பயன்படுத்துகிறோம், நாய்க்கு மட்டும் அதைப் பூட்டி வைக்கிறோம்.

அதிலும் ஒரு கொடுமை. மாட்டு வைத்தியத்தை மட்டும் நாய்க்குக் கடன் வாங்குகிறோம். மாட்டின் வயிற்றில் நுரைத்து நிற்கும் வாயுவை எண்ணெய் உடைக்கும், அதில் விஷயம் இருக்கிறது. நாய்க்கு வாசலே முறுக்கி மூடியிருக்கிறது. எண்ணெயோ, ஓமத் தண்ணீரோ, ஜெலுசிலோ எதுவும் உள்ளே இறங்காது. ஓங்கரிக்கிற நாய்க்கு வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். அன்று மருதுவின் கடைவாயில் ஊற்றிய கை என்னுடையது. வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான வலிமாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அது வேறொரு வழியில் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்.

பாம்புக் கடியிலும் இதே கதைதான். மோப்பம் பிடித்து மூக்கை நுழைக்கும் பெரிய நாய், கண்ணாடி விரியனிடம் கடி வாங்கிவிட்டு வரும். மனிதனுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும். அப்படியிருந்தும் காலை வரை மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருப்பார்கள்.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான எதிர்வாதம் அது ஒன்றுதான். மற்றவை சமாதானங்கள். "ஒரு நாய்க்கு நாற்பதாயிரமா? அதுல ஒரு பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்டலாமே" என்று என் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கட்டலாம்தான். அவர் அந்த மாதம் வாங்கிய செல்போனின் விலையிலும் கட்டலாம். அதை யாரும் கேட்பதில்லை. எந்தச் செலவைப் பிள்ளைகளின் படிப்போடு வைத்துப் பார்க்கிறோம், எதை வைத்துப் பார்ப்பதில்லை என்பதிலேயே நம் கணக்கு வெளியே தெரிந்துவிடுகிறது. நிஜமாகவே காசு இல்லாதவரைப் பற்றி நான் பேசவில்லை. கடன் வாங்கியாவது அறுவை செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. காசில்லாதவரும் ராத்திரியே போனால், வலியில்லாமல் அனுப்பி வைக்க ஓர் ஊசியாவது கிடைக்கும். ஆறேழு மணி நேரம் அந்த வலியில் கிடக்க வேண்டியதில்லை. காலை வரை காத்திருப்பது பணத்தை மிச்சப்படுத்துவதும் இல்லை. சீக்கிரம் போனால் செலவு குறைவு, தாமதமாகப் போனால் செலவும் கூடும், நாயும் போகும். நான் கட்டிய பில்லே சாட்சி.

"எப்படியும் சாகப் போறதுதானே" என்பதும் தவறு. அறுவை மேசை வரை போய்ச் சேரும் நாய்களில் பத்துக்கு ஏழெட்டு பிழைக்கின்றன. முறுக்கை எடுத்து நேராக்கி, இரைப்பையை வலது பக்க வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார்கள். தூளியின் ஒரு பக்கத்தைச் சுவரில் ஆணியடித்த மாதிரி. அப்படித் தைக்காமல் நேராக்கி மட்டும் விட்டால் பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்குத் திரும்ப வரும். தைத்துவிட்டால் வருவது அபூர்வம். அதன் பிறகும் மூன்று நாள் இதயத் துடிப்பு தடம் புரளும் ஆபத்து உண்டு, அதையும் தாண்டுகின்றன. விதி என்று கை விரிக்கும் அளவுக்கு இதில் இருட்டு ஒன்றும் இல்லை.

படித்தவர்களும் இதில் விலக்கில்லை. உயரமான ஸ்டாண்டில் தட்டை வைத்தால் ப்ளோட் வராது என்று கடைக்காரர் சொல்ல, வாங்கி வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லாரி கிளிக்மனின் குழு 1,600க்கும் மேற்பட்ட பெரிய நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில் உயரத் தட்டு ஆபத்தைக் கூட்டுவதாகவே தெரிந்தது. வயது, வேகமாகத் தின்பது, தாய் தகப்பன் உடன்பிறப்புகளில் யாருக்காவது வந்திருப்பது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. குட்டி வாங்கும்போது காது நிமிர்ந்திருக்கிறதா, வால் வளைந்திருக்கிறதா என்று கேட்கும் நாம், அதன் தாய் எப்படிச் செத்தது என்று கேட்பதில்லை.

"காலையில பார்த்துக்கலாம்" என்பதற்கு ஒரு நியாயமான வேர் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். சிற்றூர்களில் ராத்திரி நாய்க்கு மருத்துவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. சென்னைக்காரருக்கு 1903இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரி இருக்கிறது. எங்களுக்கு வடக்கே மதுரை, தெற்கே நெல்லை. காலையில்தான் மருந்தகம் திறக்கும் என்ற நிலைமையே நாளாவட்டத்தில் காலை வரை தாங்கும் என்ற நம்பிக்கையாக மாறியிருக்க வேண்டும். போக வழியில்லாதவன் போகத் தேவையில்லை என்று சொல்லிக்கொள்வது மனித சுபாவம். ஆனால் இன்று நான்கு வழிச் சாலை இருக்கிறது, செல்போன் இருக்கிறது. வழி வந்துவிட்ட பிறகும் பழைய சமாதானத்தையே ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

மருது போன பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளே "நல்ல குட்டி ஒண்ணு இருக்கு, கொண்டாந்து கட்டவா?" என்றார் ஒருவர். இன்னொருவர் "என்னப்பா, வெள்ளைக்காரன் மாதிரி நாய்க்குப் போய் துக்கம் காக்குறே" என்றார். நாய்க்காக வருந்துவது இறக்குமதிச் சரக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே 7ஆம் நூற்றாண்டின், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. அவனோடு அவன் நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து நாயின் பெயரை வெட்டச் சொன்னவர் எந்த வெள்ளைக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்?

அதற்காக, நாயைக் குழந்தை என்று கொஞ்சுகிற புதுப் பாஷையும் எனக்கு ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் மருதுவை அவன் இவன் என்போம், குழந்தை என்று சொன்னதில்லை. கொல்லையில் படுத்து வீட்டைக் காத்த நாய், நாயாகவே. வலிக்கும்போது மருத்துவரிடம் கொண்டுபோக அது எங்கள் பிள்ளையாகப் பதவி உயர்வு பெற வேண்டியதில்லை.

"மனசைத் தேத்திக்கோ" என்கிறார்கள். தேற்றிக்கொள்வது நாய் செத்த பிறகு ஆரம்பிக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. இன்றும் என்னை அரிப்பது மருது இல்லாதது மட்டும் இல்லை. நாயின் வயது அதுதான், எப்படியும் ஒருநாள் போயிருப்பான். அரிப்பது பத்தரைக்கும் ஐந்துக்கும் நடுவில் நான் தூங்கிய தூக்கம். அதற்கு எந்த ஆறுதல் வார்த்தையும் மருந்து இல்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருந்தால், மருது செத்திருந்தாலும் இந்த அரிப்பு இருந்திருக்காது. இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ராத்திரியிலும் போனை எடுக்கும் இரண்டு மருத்துவர்களின் எண், குட்டியானைக்காரர் எண், இப்போது இருக்கும் நாயின் எடை, பிறந்த வருஷம். எவ்வளவு வரை செலவு செய்வது, எந்தக் கட்டத்தில் போதும் என்று சொல்வது என்பதை நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம். கசப்பான பேச்சுதான். ராத்திரி இரண்டு மணிக்கு, வாசலில் நாய் துடிக்கும்போது பேசுவதைவிட அது எளிது. வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திப் பார்க்கிறோம். அழுத்திய இடம் வெளுத்து இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். நன்றாக இருக்கும்போது பார்த்துப் பழகினால்தான் கெட்டுப்போன அன்று தெரியும்.

"சும்மா பயந்துக்கிட்டு ஓடி, ஒண்ணும் இல்லைன்னு திரும்பி வந்தா?" என்று சின்ன மாமனார் இப்போதும் கேட்கிறார். அதுவும் நடந்தது. இப்போது இருப்பவள் ஒரு சிப்பிப்பாறை, பெயர் செல்லி. போன பங்குனியில் ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓங்கரித்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை, வயிறும் கொஞ்சம் உப்பல். இருபது நிமிடத்தில் வண்டி கப்பலூர் சுங்கச்சாவடியை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் முறுக்கம் இல்லை. குப்பையில் பொறுக்கிய எலும்புத் துண்டும் கொஞ்சம் வாயுவும். ஓர் ஊசி போட்டு, 900 ரூபாய் வாங்கிக்கொண்டு, "மத்தியானம் வரைக்கும் எதுவும் குடுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார் மருத்துவர்.

திரும்பும்போது திருமங்கலத்தில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். மணி நாலு. கடைக்காரர் செல்லியைப் பார்த்துவிட்டு "சிப்பிப்பாறையாண்ணே? இதுக்கெல்லாம் என்ன நோய் வரப்போகுது" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். செல்லி அந்தப் பன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.